கையை விடுங்க, முகத்தைப் பாருங்க

இரண்டு. இந்தப் பிள்ளைக்கு இரண்டுதான். யாராவது மூன்றைத் தூக்கிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். சாப்பிட்டு வந்தவர்களை இருட்டறையில் தூங்கவிடாமல் வைத்திருப்பதற்குள் உயிர் போய்விடும். தூக்குங்கள் தாய்மார்களே, ஒழுங்காக எல்லோரும் இரண்டைத் தூக்கித் தொலையுங்கள்.

இப்படி நினைத்துக்கொண்டே அவள் சிரித்த முகத்தோடு திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கையில் நீளமான குச்சி. எதிரே இருபத்து நான்கு ஆசிரியைகள். ஒவ்வொருவர் மடியிலும் ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதிய அட்டைகள்.

ஏழு வயதுப் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களைப் பொறுக்கியெடுத்துத் தனியாகப் படிக்கவைக்கும் சிறப்பு வகுப்புக்கான ஏற்பாடு இது. அதில் சேர்ந்த பிள்ளைக்கு மேல்படிப்பு வரை நேர் ரோடு. சேராத பிள்ளை எந்தச் சந்தில் போய் முட்டிக்கொள்ளும் என்று யாரும் விசாரிப்பதில்லை. சேர்வதற்கு ஒரு தேர்வு உண்டு. ஆனால் தேர்வு எழுத எல்லோரையும் விடுவதில்லை. முதலில் வகுப்பு ஆசிரியை ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கேள்வி கேட்கிறதா, முகம் பார்த்துப் பேசுகிறதா, தன் யோசனையை வாய்விட்டுச் சொல்கிறதா, மற்ற பிள்ளைகளை முன்னால் நின்று நடத்துகிறதா. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை. சராசரி மூன்றரைக்குக் கீழே போனால் அந்தப் பிள்ளைக்குத் தேர்வறைக் கதவு திறக்காது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்ற பேச்சும் கிடையாது. ஒரே வயது, ஒரே முறை.

ஒரு பள்ளியில் போடும் இரண்டும் இன்னொரு பள்ளியில் போடும் இரண்டும் ஒரே இரண்டாக இருக்க வேண்டும். அதற்காக ஆசிரியைகளைப் பழக்குவதுதான் அவள் வேலை. அலுவலகத்தில் 'அளவுகோல் அக்கா' என்றால்தான் அவளைத் தெரியும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அவளே எடுத்த இரண்டு வீடியோப் படங்களைத்தான் இன்றுவரை காட்டுகிறாள். இரண்டிலும் ஒரு பிள்ளை, ஒரு மேசை, பத்து பாட்டில் மூடிகள். மூடிகள் முக்கோணமாக அடுக்கப்பட்டிருக்கும். மேலே ஒன்று, அதன் கீழே இரண்டு, பிறகு மூன்று, கடைசியில் நான்கு. மூன்றே மூன்று மூடிகளை நகர்த்தி முக்கோணத்தைத் தலைகீழாக்க வேண்டும். 'எப்படிச் செய்யப்போறே, சொல்லு' என்று அவள் கேட்பாள்.

முதல் படத்தில் ஒரு பையன். "இருங்க இருங்க, நான் சொல்றேன்!" என்று குதிப்பான். இதைத் தூக்கி அங்கே வைப்பான், அதைத் தூக்கி இங்கே வைப்பான், ஏழெட்டு மூடிகளைக் கலைத்துவிட்டு, "கிட்டத்தட்ட வந்துடுச்சு இல்ல?" என்று கேமராவைப் பார்த்துச் சிரிப்பான். பார்க்கிறவர்களும் சிரிப்பார்கள். அவனுக்கு ஐந்து. இரண்டாவது படத்தில் ஒரு பெண் குழந்தை. பேசவே பேசாது. அதற்கு இரண்டு.

அன்று பையனின் படம் முடிந்ததும் ஸ்பீக்கர் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது.

"செத்துப்போச்சு மேடம்" என்றார் மேசைக்கடியிலிருந்து எலக்ட்ரீஷியன்.

"ஊமைப்படமாவே ஓட்டுங்களேன். நாங்க என்ன பாட்டா கேக்கப்போறோம்?" என்று முன்வரிசையில் ஒருத்தி சொல்ல, அறை முழுக்கச் சிரிப்பு.

எலக்ட்ரீஷியன் ஒயர்களை இழுத்துப் போட்டு அவள் நிற்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் கடைசி வரிசைக்குப் போய் ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அந்தப் படத்தை அவள் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. வழக்கமாகப் படத்தின் மேல் அவளுடைய பதிவுக் குரல் ஓடும். 'கவனியுங்கள், பிள்ளை கேட்பவரின் முகத்தைப் பார்க்கவில்லை. கவனியுங்கள், கேள்விக்குப் பதில் இல்லை.' அவளும் குச்சியால் அந்த முகத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவாள். அன்று குரலும் இல்லை, குச்சியும் இல்லை.

திரையின் கீழ் ஓரத்தில் இரண்டு கைகள் அசைந்தன.

கடைசி வரிசையின் இரண்டு முனை மூடிகளையும் அந்தக் கைகள் ஒவ்வொன்றாக மேலே தள்ளி, இரண்டு மூடி இருந்த வரிசையின் இருபக்கமும் சேர்த்தன. உச்சியில் இருந்ததை எடுத்துக் கீழே வைத்தன. மேலே நான்கு, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. முடிந்தது. ஒரு தடுமாற்றமும் இல்லை, கறிகாய் நறுக்குகிறவள் கை போலப் போய் வந்தன. பிறகு அந்தக் கைகள் மேசை விளிம்பில் ஓய்ந்து காத்திருந்தன. படத்தில் இன்னொரு கையும் இருந்தது. பேனா பிடித்து எழுதிக்கொண்டிருந்த, அவளுடைய கை. என்ன எழுதியது என்று அவளுக்குத் தெரியும். 'பதில் இல்லை.' அந்தக் கை எழுதி முடிக்கும்வரை குழந்தை பார்த்தது. பிறகு மூன்று மூடிகளையும் ஒவ்வொன்றாக, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தது. அதற்கப்புறம்தான் அன்றைய அவள் தலை நிமிர்ந்திருக்கிறாள். சத்தமில்லாத படத்தில் அவளுடைய வார்த்தைகள் மட்டும் அவளுக்குக் கேட்டன. 'சரி பாப்பா, தெரியலைன்னா பரவாயில்லை.'

விளக்கு எரிந்தது. இருபத்து நான்கு அட்டைகள் உயர்ந்தன. இருபத்து நான்கும் இரண்டு.

"சபாஷ்!" என்று கதவருகே நின்றிருந்த அலுவலக இயக்குநர் கைதட்டினார். "குரலே இல்லாம கரெக்டா வருது. இதுதாம்மா பயிற்சி."

அவள் வாயைத் திறந்தாள். ஏதோ சொல்லத்தான் திறந்தாள். "டீ வந்திருக்கு, எல்லாரும் போய்க் குடிச்சிட்டு வந்துடுங்க" என்றது வாய்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு படத்தை மறுபடி ஓட்டினாள். நான்கு முறை ஓட்டினாள். குழந்தையின் வலது சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. அதுகூடக் கண்ணில் பட்டுவிட்டது, இனி படாமல் போகாது.

ஏன் சொல்லவில்லை என்று அதற்குப் பிறகு வந்த நாட்களில் தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்கக் கேட்க நல்ல நல்ல பதில்கள் வந்தன. ஒரே ஒரு படம்தானே. வேறு படம் எடுக்க நேரமில்லை. பாதியில் மாற்றினால் ஆசிரியைகள் குழம்பிப்போவார்கள். ஒவ்வொரு பதிலும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் இருந்தது. அதனாலேயே எதையும் நம்ப முடியவில்லை. கடைசியில் ஒரு ஞாபகம் வந்து எல்லாவற்றையும் கசக்கிப் போட்டது.

மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ. ஒரு வயதான ஆசிரியை இந்தப் பெண்ணுக்கு நான்கைத் தூக்கினாள். மற்ற எல்லோரும் இரண்டு. 'ஏன் நாலு?' என்று இவள் கேட்டதற்கு, 'இல்லம்மா, அந்தக் குழந்தையோட கையைப் பாருங்க...' என்று ஆரம்பித்தாள். 'கையை விடுங்க, முகத்தைப் பாருங்க' என்று இவள் வெட்டினாள். நல்ல நகைச்சுவை போலச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆசிரியை அட்டையைக் கீழே வைத்துவிட்டு இரண்டை எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் பயிற்சிக்கு அவள் வரவில்லை. அந்த ஒரு வாக்கியம் இவளுக்கு அவ்வளவு பிடித்துப்போய், அடுத்த வருடத்திலிருந்து பயிற்சியிலேயே சேர்த்துக்கொண்டாள். சொன்னால் கட்டாயம் ஒரு சிரிப்பு கிடைக்கும்.

அவளுடைய மகளும் சிறப்பு வகுப்பில் படித்தவள்தான். நாலரைக்கு மேல் வாங்கினாள். அதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை. சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, 'ஏன்னு சொல்லு, எப்படின்னு சொல்லு, அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லு' என்று இரண்டு வயதிலிருந்து பழக்கியிருந்தாள். பழக்கினோம் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. மகளுக்கு மூளை என்றுதான் நினைத்திருந்தாள்.

ஐந்து வாரம் கழித்து இயக்குநர் கூப்பிட்டார். அவர் மேசைக்கு முன்னால் ஒரு இளம் ஆசிரியை நின்றிருந்தாள். அந்த இருபத்து நான்கு பேரில் ஒருத்தி, வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாததால் எல்லோருக்கும் 'புதுசு'.

"நம்ம புதுசு போட்ட மார்க்குக்கு ஒரு மேல்முறையீடு" என்றார் இயக்குநர். "கிரஷர் லைன்ல இருக்கிற பிள்ளை. ஒண்ணு புள்ளி ஒன்பது. அம்மாக்காரி மனு குடுத்திருக்கா. அதாவது யாரையோ வெச்சு எழுதிக் குடுத்திருக்கா."

ஊருக்கு வெளியே கல் உடைக்கும் ஆலைகள் இருந்தன. அவற்றை ஒட்டி வரிசை வரிசையாகத் தகர வீடுகள். அந்த வரிசைகளுக்குத்தான் லைன் என்று பெயர். லைன் பிள்ளைகளைப் பற்றி எல்லா ஆசிரியர் அறையிலும் ஒரே பேச்சுதான். நல்ல பிள்ளைங்க, அடக்கமான பிள்ளைங்க, ஆனா என்ன கேட்டாலும் வாயில கொழுக்கட்டை.

"அக்கா, நான் வேணும்னு பண்ணலை" என்றாள் புதுசு. அழுதிருந்தாள் போலிருக்கிறது, மூக்கு சிவந்திருந்தது. "கணக்கெல்லாம் சரியாத்தான் போடுறா. ஆனா கேட்டா பதில் வராது, முகத்தையே பார்க்க மாட்டேங்குறா. எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. அப்புறம் நீங்க காட்டின அந்தப் பொண்ணு ஞாபகம் வந்துச்சு. அப்படியே அச்சு அசலா அதே மாதிரி. அதான் தைரியமா ரெண்டு போட்டேன்."

தைரியமா. அந்த வார்த்தையை அவள் மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"இவ மேல தப்பே இல்லைங்கறேன்" என்றார் இயக்குநர். "சொல்லிக் குடுத்தபடி செஞ்சிருக்கா. 'மதிப்பீடு பயிற்சி முறைப்படியே செய்யப்பட்டுள்ளது, மறுபரிசீலனை தேவையில்லை'ன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா கோப்பை மூடிடலாம். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள போடணும். போடலைன்னா அது மேலிடத்துக்குப் போயிடும். போன கோப்பு திரும்பி வர்ற வரைக்கும் பிள்ளையைத் தேர்வு எழுத விடாம தடுக்க முடியாது, தேர்வோ திங்கட்கிழமை. விதின்னு ஒண்ணு இருக்கே, குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேசணுமாம். மூணரைக்கு வரச் சொல்லியிருக்கேன். பேசுங்க, டீ வாங்கிக் குடுங்க, அனுப்பிடுங்க."

அவள் அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரி சார்" என்றாள்.

மறுநாள் மூன்றரைக்கு அம்மா வரவில்லை. பத்தொன்பது இருபது வயதுப் பெண் ஒருத்தி சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். சிறுமிக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை, புருவம் மேலே ஏறும் அளவுக்கு இழுப்பு.

"நான் இவ அக்கா. அம்மாவுக்குக் காது கேக்காது மேடம். வந்தாலும் நான்தான் கத்திக் கத்திச் சொல்லணும். அப்புறம் நாம பேசுறது பக்கத்து ஆபீசுக்கெல்லாம் கேக்கும்."

இயக்குநர் பெரிதாகச் சிரித்தார். "உட்காரும்மா. என்ன வேலை பார்க்கிறே?"

"ஆஸ்பத்திரில சலவைக்கூடத்துல சார். ஷிஃப்ட் மாத்திக் கேட்டு வந்திருக்கேன்." தங்கையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "ஏய், நேரா நில்லுடி. சொல்லு."

சிறுமி நேராக நின்றாள். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உச்சக் குரலில் ஆரம்பித்தாள். "எனக்குக் கேள்வி கேக்கப் பிடிக்கும்! எனக்குப் புதுசு புதுசா யோசிக்கப் பிடிக்கும்! நான் எல்லார்கிட்டயும் முகத்தைப் பார்த்துப் பேசுவேன்!"

"அடேயப்பா! மைக் வேண்டாம் போல" என்றார் இயக்குநர். "சரி பாப்பா, என்ன கேள்வி கேக்கப் பிடிக்கும்? ஒரு கேள்வி கேளேன் பார்ப்போம்."

அது மனப்பாடத்தில் இல்லை. சிறுமியின் வாய் பாதி திறந்தபடி நின்றது. கண்கள் சுவரிலிருந்து இறங்கி, அவர் கைக்கு வந்து, அவர் விரலில் சுழன்றுகொண்டிருந்த பேனாவில் நிலைத்தன. அக்காக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு, "முகத்தைப் பாருடி" என்று முணுமுணுத்தாள். இயக்குநர் இவள் பக்கம் திரும்பி, பார்த்தீர்களா என்பதுபோலக் கண்ணைச் சிமிட்டினார். பிறகு அவருடைய போன் அடித்தது. "பேசிட்டு இருங்க, வந்துடறேன்" என்று எழுந்து போனார்.

 அவள் சிறுமியை ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தாள். அக்காக்காரி மனுவின் நகலை மேசை மேல் வைத்து நீவிவிட்டாள். சலவைச் சோடாவில் ஊறி வெளுத்த விரல் நுனிகள். வலது சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது.

அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"பிறந்ததுலேர்ந்தே அப்படித்தான் மேடம்" என்றாள் அந்தப் பெண், கூச்சத்தோடு விரலை மடக்கிக்கொண்டு.

"நீங்க... சின்ன வயசுல இவ படிக்கிற பள்ளிக்கூடத்துலதான் படிச்சீங்களா?"

"ஆமா. எட்டாவதோட நின்னுட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "எனக்கும் இந்த மாதிரி ஒரு சான்ஸ் வந்துச்சு மேடம். ஒரு டீச்சர் கேமராவெல்லாம் கொண்டாந்து என்னை உட்கார வெச்சுக் கேட்டாங்க. பாட்டில் மூடி எல்லாம் வெச்சு. பவுடர் வாசனையா இருந்தாங்க. முகம் ஞாபகம் இல்லை, கை ஞாபகம் இருக்கு. பச்சைக்கல் மோதிரம் போட்டிருந்தாங்க."

அவள் தன் இடது கையை மேசைக்கடியில் இறக்கிக்கொண்டாள். மோதிரம் இப்போது கழற்ற வராத அளவுக்கு இறுகியிருந்தது.

"முகம் ஞாபகம் இல்லையா?"

"எங்க வீட்ல அப்படித்தான் மேடம். அப்பா அம்மா ரெண்டு பேரும் கிரஷர்ல. அங்க பத்து வருஷம் நின்னா யாருக்கும் காது இருக்காது. லைன் முழுக்க அப்படித்தான். வாயால என்ன சொன்னாலும் பிரயோஜனம் இல்லை, செஞ்சு காட்டணும். அதனால எங்களுக்குக் கண்ணு கைக்குத்தான் போகும். அம்மா என்ன சொல்றாங்கன்னு கையைப் பார்த்தாத்தானே தெரியும்?"

"அன்னிக்கு என்ன பண்ணீங்க? மூடியை வெச்சு?"

"தலைகீழா மாத்தச் சொன்னாங்க. மாத்தினேன். டீச்சர் எழுதிட்டே இருந்தாங்க. கொஞ்ச நேரம் பார்த்தேன். அப்புறம் இருந்த மாதிரியே வெச்சிட்டேன். அவங்க சாமான் ஆச்சே, எடுத்தா எடுத்த இடத்துல வைக்கணும்னு அம்மா சொல்லியிருக்காங்க." சிரித்தாள். "தப்பா மாத்திட்டேன் போல. அப்புறம் கூப்பிடவே இல்லை."

சொல்லாமல் இருந்துவிடலாம். இந்தப் பெண்ணுக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? தெரியாமல் இருப்பது இவளுக்கு ஒரு தயவு. இந்த யோசனையும் மடிப்புக் கலையாமல் வந்து நின்றதைக் கண்டுதான் அவளுக்கு அருவருப்பு வந்தது. மேசைக்கடியிலிருந்து கையை எடுத்து மேலே வைத்தாள். மோதிரம் வெளிச்சத்தில் தெரிந்தது.

"நீ சரியாத்தான் செஞ்சே" என்றாள். தன்னையறியாமல் நீ என்று வந்துவிட்டது. "மூணே நகர்த்தல்ல செஞ்சே."

அந்தப் பெண் மோதிரத்தைப் பார்த்தாள். 

"அப்போ ஏன் கூப்பிடலை?"

"நான் பார்க்கலை. எழுதிட்டு இருந்தேன்."

"இப்போ எப்படித் தெரியும்?"

"படம் இருக்கு. அஞ்சு வாரம் முன்னாடிதான் சரியாப் பார்த்தேன்."

"அஞ்சு வாரம்." அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பித் தங்கையைப் பார்த்தாள். "பாப்பாவுக்கு ரெண்டு போட்டது மூணு வாரம் முன்னாடி."

"ஆமா."

"அதுக்குள்ள நீங்க யார்கிட்டயும் சொல்லலை."

"சொல்லலை." அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் மிச்சத்தை வைத்துக்கொண்டு இந்த மேசையில் உட்கார முடியாது என்று தோன்றியது. "அந்தப் படத்தைக் காட்டித்தான் எல்லா டீச்சருக்கும் சொல்லிக் குடுக்கிறேன். ரெண்டுன்னா எப்படி இருக்கும்னு. பன்னெண்டு வருஷமா."

வெளியே தாழ்வாரத்தில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெண்ணின் முகத்தில் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். எதிர்பார்த்தாள் என்பதைவிட ஆசைப்பட்டாள். திட்டினால் ஒரு விதத்தில் முடிந்துவிடும். கோபம் வரவில்லை. அந்தப் பெண் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, யாருடைய கைகளோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தேன்ல, அதனாலதான் போச்சுன்னு நினைச்சிட்டு இருந்தேன்" என்றாள் மெதுவாக. "அதான் இவளை... பேசு பேசுன்னு... பேசலைன்னா..."

 ஜன்னலோரச் சிறுமி கையை நீட்டித் திரைச்சீலையின் அறுந்த வளையத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். சட்டைக் கை மேலேறியிருந்தது. முழங்கைக்குக் கீழே பழைய தழும்புகள், சின்னச் சின்னக் கோடுகளாக, ஒரே மாதிரி இடைவெளியில். அளவுகோலால் அடித்தால் அப்படித்தான் விழும்.

"பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம்" என்றாள் அக்காக்காரி.

இயக்குநர் திரும்பி வந்தபோது நாலேமுக்கால் ஆகியிருந்தது. இருவரையும் வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். கதவு முழுதாகச் சாத்தவில்லை. கோப்பைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். தட்டச்சு செய்த மூன்று வரி, கீழே கோடு, கோட்டுக்கு அடியில் அவள் பதவிப் பெயர்.

அவள் சொன்னாள். படத்தைப் பற்றி, கைகளைப் பற்றி, வெளியே உட்கார்ந்திருப்பவள் யார் என்பதைப் பற்றி. சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத்தனை வருஷத்துல அந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்திருப்பாங்க?"

"முந்நூறு பேருக்கு மேல இருக்கும்."

"அவ்வளவு பேர்ல யார் கண்ணுலயும் படலை. உங்களுக்கு மட்டும், அதுவும் ஸ்பீக்கர் கெட்டுப்போன அன்னிக்குத்தான் பட்டிருக்கு. மேலிடத்துல இதை எப்படிம்மா சொல்லுவேன்? ஒரு ஸ்பீக்கர் ரிப்பேரானதால பன்னெண்டு வருஷமும் தப்புன்னா?"

"ஒரு டீச்சருக்குப் பட்டிருக்கு சார். நான்தான் அட்டையை மாத்த வெச்சேன்."

"பாருங்கம்மா." குரல் இறங்கி இதமாகிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டுக்கு வந்து பழம் கொடுத்துவிட்டுப் போனவர். "இந்தக் கோப்பு மேல போனா முதல்ல படத்தைக் கேப்பாங்க. அப்புறம் எல்லா வருஷத்துப் பட்டியலையும் கேப்பாங்க. லைன்லேர்ந்து எத்தனை பிள்ளை எழுதுச்சுன்னு கேப்பாங்க. எத்தனைன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். ஒன்றுகூட இல்லை.

"யார் பேர் அடிபடும்? என் பேரா? படத்துல யார் குரல், யார் கை? நீங்களே உங்களைக் காட்டிக் குடுக்கப் போறீங்களா? ஓய்வு பெற ரெண்டு வருஷம் இருக்கு. மரியாதையா வீட்டுக்குப் போங்க. அந்தச் சின்னப் பிள்ளைக்கு வேணும்னா அடுத்த மாசம் படக்கதைப் புத்தகம் நாலு அனுப்பி வைப்போம்."

பேனாவின் மூடியை அவரே திருகிக் கழற்றி அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். கை தானாகப் போய் வாங்கியது. பன்னிரண்டு வருடமாக நீட்டியதையெல்லாம் வாங்கிய கை.

திங்கட்கிழமை அந்தச் சிறுமி தேர்வு எழுதினாலும் என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள். கேள்வித்தாளைப் பார்த்துப் பயந்து உட்கார்ந்துவிடலாம். தேறினாலும் அந்த வகுப்பில் அவளை யார் பார்ப்பார்கள்? வெளியே இருக்கும் அக்காவுக்கு எதுவும் திரும்பி வரப்போவதில்லை. பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ பேர் சலவைக்கூடத்திலும் கிரஷரிலும் இந்நேரம் ஷிஃப்டில் இருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு போட்ட படிவங்கள் எல்லாம் ஒழுங்காக மூடப்பட்டு அலமாரியில் இருக்கின்றன. இந்த ஒரு கையெழுத்தைப் போடாததால் தான் நல்லவளாகிவிடப் போவதில்லை. அது அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது.

நிமிர்ந்தாள். பாதி திறந்த கதவின் இடுக்கில் பெஞ்சு தெரிந்தது. அக்காக்காரி தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். சிறுமி மூடவில்லை. இடுக்கின் வழியே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் முகத்தை அல்ல, பேனா பிடித்த கையை.

ஐந்தடிக்க நான்கு நிமிடம் இருந்தது.

அவள் பேனாவுக்கு மூடியைப் போட்டாள். அவசரமில்லாமல், கடைசித் திருகு வரை இறுக்கினாள். அதைக் கோப்பின் மேல் வைத்தாள். கோப்பை இரண்டு கைகளாலும் பிடித்து, மேசையின் குறுக்கே, அவர் பக்கத்துக்கு மெல்லத் தள்ளினாள்.

"என்னம்மா இது?" என்றார் இயக்குநர். "போடறீங்களா, இல்லையா? வாயைத் திறந்து சொல்லுங்க."

அவள் சொல்லவில்லை. வெறும் கைகள் இரண்டையும் மேசை விளிம்பில், கதவிடுக்கிலிருந்து பார்த்தால் தெரியும்படி, ஓய்வாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.